கண்ணுக்குத் தெரியாத மாடு

வாங்க மாப்பிள்ளை, வாங்க. இந்தக் கயித்துக் கட்டல்லயே உக்காருங்க. வெள்ளைப் பேன்ட்டுங்களா? இருங்க, என்ற துண்டை விரிக்கறேன். இது லேசுப்பட்ட துண்டு இல்லீங்க. கண்ணபுரம் சந்தையிலயும் அந்தியூரு குருநாதசாமி நோம்பிச் சந்தையிலயும் நாப்பது வருசம் இதுக்குள்ள கையை உட்டுத்தானுங்க நானு மாட்டுக்கு வெலை பேசுனது. வாங்கறவன் விரலும் விக்கறவன் விரலும் உள்ள பேசிக்கும். வெளிய ரெண்டு பேரும் மழையப் பத்திப் பழமை பேசிட்டு நிப்பாங்க. யாரு எத்தனைக்கு ஏமாந்தாங்கன்னு பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது. ஏமாந்தவன் மானத்தை மூடறதுக்குன்னே கண்டுபுடிச்ச துண்டுங்க. இன்னைக்கு மாப்பிள்ளைக்கு உதவட்டும்.

பேத்தி சொன்னா, வர்ற புதங்கெழமை சிங்கப்பூரு, அப்பறம் மலேசியா, மொத்தம் பத்து நாளுன்னு. ரொம்பச் சந்தோசமுங்க. அங்க போயி போனுக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா, "ஈசிம் போட்டுக்கலாம் அப்புச்சி, அஞ்சு நிமிச வேலை"ன்னு சிரிக்கறீங்க. இந்தச் சிரிப்பை நானு சந்தையில நெறையப் பாத்திருக்கறனுங்க. மொத வாட்டி மாடு புடிக்க வர்ற பட்டணத்து ஆளுக இப்படித்தான் சிரிப்பாங்க. தரகனுக்கு அதைப் பாத்தாலே வகுறு நெறைஞ்சுரும்.

கம்ப்யூட்டரு கம்பெனியில இருக்கற மாப்பிள்ளைக்கு இந்தப் படிக்காத கெழவன் என்னத்தைச் சொல்லப் போறேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மாடு. ஆனா பாருங்க, சின்னவ ஊட்டுக்குச் சிங்கப்பூருக்கு மூணு வாட்டி போயிட்டு வந்தனுங்க. மூணு வாட்டியும் இந்தச் சிம்முச் சோலியில ஏமாந்தனுங்க. மூணு வாட்டி ஏமாந்தவனும் ஒரு வகையில பட்டதாரிதானுங்களே.

மொத வாட்டி சாங்கி ஏர்போட்டுல பாஸ்போட்டைக் காட்டி ஒரு சிம்மு வாங்குனேன். கடைக்காரப் புள்ள ஊசியில குத்தித் தட்டை இழுத்து, நம்மூரு சிம்மை எடுத்து என்ற உள்ளங்கையில வெச்சா. பன்னெண்டு மில்லிமீட்டரு நீளம், ஒம்போது மில்லிமீட்டரு கூட இல்லாத அகலம். அதைப் பத்திரமா ஒரு துண்டுக் கடுதாசில மடிச்சுச் சட்டைப் பையில வெச்சனுங்க. சின்னவ சட்டையை வாசிங் மிசினுல போட்டா. சட்டை பளிச்சுன்னு வந்துச்சு. சிம்மு வரலை. அப்பறம் பேங்குக்காரன் அனுப்பற ஓடிபி எல்லாம் எந்தச் சாக்கடைக்குப் போச்சோ தெரியாது. ஒரு மாசம் மககிட்டக் கையேந்தித்தான் காபி குடிச்சேன்.

அதனால ஈசிம்மு நல்லதுங்கறதுல எனக்கு மறுபேச்சு இல்லீங்க. 1991ல பின்லாந்துல மொத மொத வந்த சிம்மு ஏடிஎம் கார்டு அளவுக்கு இருந்துச்சாம். அப்பறம் வெட்டி வெட்டி நகத்தளவுக்குக் கொண்டாந்தாங்க. கடைசில போனுக்குள்ளயே ஒரு பொட்டுச் சில்லை ஒட்டி வெச்சுட்டு, அதுக்குள்ள சிம்மு வெவரத்தை மட்டும் எறக்கிக்கங்கறாங்க. நம்ம சிம்மு தட்டுல அசையாம இருக்கும், அந்தூரு சிம்மு உள்ள இருக்கும். தொவைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. ஆனா பாத்துக்கங்க, இது கண்ணுக்குத் தெரியாத மாடு. தெரியற மாட்டுலயே ஏமாத்தறவன் நானு. தெரியாத மாட்டுல என்னென்ன பண்ணுவாங்கன்னு நீங்களே ரோசனை பண்ணிக்கங்க.

மாடு புடிக்கறவன் மொதல்ல என்ன பண்ணுவான்? வாயைத் தொறந்து பல்லைப் பாப்பான். பால் பல்லு உழுந்து ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறா, எட்டும் சேந்துருச்சா. அதுலயே வயசு தெரிஞ்சுரும். உங்க போனுக்கும் பல்லு இருக்குதுங்க. நம்பர் அடிக்கற எடத்துல ஸ்டார், ஹேஷ், சைபர், ஆறு, ஹேஷ் அடிங்க. ஐஎம்இஐன்னு பதினஞ்சு எலக்கம் எல்லாப் போனுலயும் வரும். அதோட ஈஐடின்னு 32 எலக்கத்துல ஒரு நம்பரு வந்தா உங்க போனுக்கு ஈசிம்முப் பல்லு மொளைச்சிருக்குதுன்னு அர்த்தம். வரலீன்னா பெரும்பாலும் பொக்கை வாய்தானுங்க. எங்க கட்டுத்தறி மாட்டுக்குக் கவுருமெண்டுக்காரன் காதுல மாட்டுன மஞ்சத் தோட்டுலயே 12 எலக்கந்தான். இந்தக் கடுகுச் சில்லுக்கு 32. பால் மட்டும் கறக்காது.

ஐபோனுன்னா 2018ல வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆருக்குப் பொறகு வந்ததுல இருக்கும்பாங்க. அதைக் கேட்டுட்டு நம்ம பங்காளி பையன் ஒருத்தன் மெதப்பா இருந்தான். அவன் போனு சீனாவுல இருந்து யாரோ வாங்கியாந்தது. சீனாவுல விக்கற ஐபோனுல பெரும்பாலும் தட்டுலயே ரெண்டு சிம்மு போட எடம் இருக்கும், ஈசிம்மு இருக்காது. அமெரிக்காவுல நேர் தலைகீழ். 2022ல வந்த ஐபோன் 14ல இருந்து அங்க விக்கறதுல தட்டே கெடையாது. அதைக் கையில வெச்சிருக்கறவன் நம்மூரு சிம்மையே ஈசிம்மா மாத்தோணும். அதை ஊருக்குக் கெளம்பற அன்னைக்கு ராத்திரி பண்ணப் போனான்னா, விடியறப்ப ரெண்டு சிம்மும் இல்லாம பிளைட் ஏறுவான். ஒரே பேரு, ஒரே நெறம், ஒரே வெலை. சுழிதான் வேற.

இன்னொண்ணு கயிறு. வெளிநாட்டுல தவணையில வாங்குன போனை அந்தூரு கம்பெனிக்காரன் பூட்டி வெச்சிருப்பான். போனு உங்க கையில, கயிறு அவன் கையில. ஐபோனுல செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட்னு உள்ள போயி, கேரியர் லாக்குங்கற எடத்துல சிம் கட்டுப்பாடு இல்லைன்னு இங்கிலீசுல எழுதியிருக்குதான்னு பாத்துக்கங்க. உங்க போனு நம்மூருல ரொக்கம் குடுத்து வாங்குனதுங்களா? அப்பப் பயமில்லீங்க.

பல்லும் கயிறும் பாத்தாச்சு, இனி சந்தை. ஈசிம்மு சிங்கப்பூருக்குப் போயி வாங்கோணும்னு இல்லீங்க, இங்கிருந்தே ஆன்லைனுல வாங்கலாம். ஒரு பழமை மட்டும் காதுல போட்டுக்கங்க. வெளிநாட்டுச் சிம்மை நம்ம நாட்டுல விக்கறவன் தொலைத்தொடர்புத் துறைகிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு சீட்டு வாங்கோணும். 2024 சனவரியில ஏர்அலோ, ஹோலாஃப்ளைன்னு பேரு போன ரெண்டு கம்பெனி ஆப்பை அந்தச் சீட்டு இல்லைன்னு துறை சொல்லி, ஆப்பிளும் கூகிளும் இந்தியக் கடையில இருந்து எடுத்துப்போட்டாங்க. எவனோ கோயமுத்தூர் ரோட்டுல சொன்னான்னு கண்ட எடத்துல காசைக் கட்டாதீங்க. சுங்கச் சீட்டு இல்லாத மாட்டை ஓட்டிட்டு வந்தா, வழியில புடிக்கறது வித்தவனை இல்லீங்க, ஓட்டிட்டு வர்றவனை.

நம்மூரு கம்பெனி ரோமிங் பேக்கும் ஒரு வழிதான். ரெண்டு நாளு மூணு நாளு சோலிக்குப் போறவன் அதைப் போட்டுட்டுப் பேசாமப் போகலாம். ஒரு மாசம் ரெண்டு மாசம் தங்கறவன் அந்தூருச் சிம்மே வாங்கிக்கறது மேலு. நடுவுல இருக்கற உங்களாட்டம் பத்து நாளுக்காரங்களுக்குத்தான் ஈசிம்மு. இது என்ற கணக்கு. தரகன் கணக்கு, எவனும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது இல்லை.

வெலை பேசறப்ப மொத்த ரூபாயைப் பாக்காதீங்க. ஒரு ஜிபி ஏழு நாளுக்கும்பான். மூணு ஜிபி முப்பது நாளுக்கும்பான். உங்களுக்குப் பத்து நாளு. ஏழு நாளுச் சிம்மு மலிவா இருக்குதுன்னு எடுத்தீங்கன்னா, எட்டாவது நாளு பத்துமலைப் படியில நின்னுட்டு முருகனைத்தான் வைஃபை கேக்கோணும். அப்பறம் அந்த ஏழு நாளு எப்ப ஆரம்பிக்குதுன்னு பாக்கோணும். சில மாடு அந்தூரு மண்ணை மிதிச்சு அந்தூருக் காத்தைப் புடிச்சதும் தான் கணக்கை ஆரம்பிக்கும். சில மாடு போனுக்குள்ள எறக்குன நிமிசத்துல இருந்தே தீனி கேக்கும். நாளுன்னாலும் எல்லாருக்கும் ஒரே நாளு இல்லீங்க. கிரீன்விச் நேரத்துக்கு நாளைக் கணக்குப் போடறவன் இருக்கறான். அங்க நடுராத்திரின்னா சிங்கப்பூருல காலையில எட்டு மணி. அன்னைக்கு ஒதுக்குன டேட்டா தீந்து போச்சுன்னு ராத்திரி ரோட்டுல நின்னு மேப்பைப் பாத்தா, புதுசு வர்றதுக்குள்ள பொழுதே விடிஞ்சுரும்.

அன்லிமிடெட்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான் பாருங்க. அதைப் பாத்துட்டு நீங்க வாயைத் தொறக்கறது எனக்கு இங்கிருந்தே தெரியுது. அளவில்லாத அன்னதானம்னு நோட்டீசு போட்டாங்கன்னு ஒருக்கா நம்ம முத்துசாமியண்ணன் வகுறைக் காயப் போட்டுட்டுப் போனாரு. மொதப் பந்தியில வடை, பாயசம். அவரு உக்காந்தது ரெண்டாம் பந்தி. ரசத்தை ஊத்துனாங்க, ஊத்துனாங்க, ஊத்திட்டே இருந்தாங்க. அளவே இல்லை. இதுவும் அதுதானுங்க. ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி வரைக்கும் குதிரை ஓட்டம். அதுக்கப்பறம் 512 கேபிபிஎஸ்னு ஒரு நொண்டி நடை. எழுத்து போகும், வீடியோ போகாது. நேர்மையான பயன்பாடுன்னு அடியில பொடி எழுத்துல ஒரு கொள்கை இருக்கும். அதுதான் மாட்டு வகுத்துக்கு அடியில இருக்கற சுழி. குனிஞ்சு பாக்கோணும்.

நாட்டுப் பேரையும் ஒண்ணொண்ணா எண்ணிப் பாருங்க. சிங்கப்பூரு மட்டும் எடுத்தா ஜோகூர்ப் பாலத்துல பாதியில ஊமையாயிரும். உங்களுக்கு ரெண்டு நாடும் சேந்த வட்டாரப் பிளான் வேணும். என்ற ரெண்டாவது வாட்டி ஏமாந்ததை இப்பச் சொல்லிப்போடறேன். அந்த வாட்டி நம்மூரு போஸ்ட்பெய்டுல சிங்கப்பூருக்கு மட்டும் ரோமிங் பேக்கு போட்டுட்டுப் போனேன். சின்னவ ஊடு உட்லண்ட்ஸ்ல. பால்கனியில நின்னா தண்ணி, தண்ணிக்கு அந்தப் பக்கம் மலேசியா. நடுவுல ஒரு கிலோமீட்டரு பாலம். நானு பாட்டுக்கு சாயங்காலம் அந்த பால்கனியில உக்காந்து பழைய எம்ஜியார் படம் பாத்துட்டு இருந்தேன். போனு பாட்டுக்கு அந்தப் பக்கத்து டவரைப் புடிச்சுட்டு மேஞ்சிருக்குது. மாட்டை இந்தப் பக்கம் கட்டியிருக்கறேன், கயிறு நீளம், அடுத்தவன் சோளக்காட்டுல வாயை வெச்சுருச்சு. ஊருக்கு வந்ததும் பில்லு வந்துச்சு. அம்மிச்சி அதைப் படிச்சுட்டு ரெண்டு நாளு என்ற கூடப் பேசலை. அதாச்சும் லாபம்.

டேட்டா மட்டுந்தான் குடுப்பான், நம்பரு குடுக்க மாட்டான் பெரும்பாலான ஈசிம்முல. அதுல தப்பு ஒண்ணுமில்லை. வாட்ஸாப் பழைய நம்பருலயே ஓடும். நம்பரை மாத்தட்டுமான்னு அது கேட்டாலும் வேண்டாம்னுருங்க. அங்க கிராப் காரு கூப்புடற ஆப்பை மட்டும் இங்கயே எறக்கி, ஓடிபியெல்லாம் வாங்கித் தயாரா வெச்சுக்கங்க. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அந்த ஒரே ஆப்புத்தான். எறங்குன எடத்துல மூட்டையோட நின்னுட்டு பாஸ்வேர்டை மறந்துட்டேன்னு பேத்தி மூஞ்சியைப் பாக்காதீங்க.

இனி மூணாவது வாட்டி. இதைச் சொல்றப்ப யாரும் சிரிக்கக் கூடாது. பெரியவன் எனக்குன்னு ஈசிம்மு வாங்குனான். காசு கட்டுனதும் ஒரு க்யூஆர் கோடு வந்துச்சு. சதுரத்துக்குள்ள கறுப்பு வெள்ளைக் கோலம். அதை எனக்குத் தனியா அனுப்பறதுக்குப் பதிலா குடும்பக் குரூப்புல போட்டுட்டான். நாப்பத்தி மூணு பேரு இருக்கற குரூப்பு. பத்து நிமிசத்துல காங்கயத்து மச்சான் "என்ன விசேசம்? 501 அனுப்பப் பாத்தேன், போகலை"ன்னு எழுதுறாரு. மொய்க்குப் போட்ட கோடுன்னு நெனைச்சுட்டாரு. பொள்ளாச்சிச் சம்பந்தி பையன் இருக்கறானுங்களே, பிளஸ் டூ, எதைப் பாத்தாலும் கேமராவை நீட்டுவான். நீட்டியிருக்கறான். பிளான் சேக்கட்டுமான்னு போனு கேட்டிருக்குது. சேர்னு அமுக்கிட்டான். அவ்வளவுதானுங்க. ஒரு கோடு, ஒரு போனு. ஒருத்தன் எறக்கிட்டா அடுத்தவனுக்கு எறங்காது. என்ற சிங்கப்பூரு சிம்மு பொள்ளாச்சியில தென்னந்தோப்புல குடியிருந்துச்சு. வித்தவன்கிட்டக் கேட்டா, அழகா எழுதியிருந்தான், "உங்கள் சிம் வெற்றிகரமாக நிறுவப்பட்டுள்ளது, வாழ்த்துகள்"னு.

அதனால கோடு வந்துச்சுன்னா காசு மாதிரி மடியில முடிஞ்சுக்கங்க. ஊட்டுல வைஃபை இருக்கறப்பவே, கெளம்பறதுக்கு ஒரு நாளு ரெண்டு நாளு முன்னால, நிதானமா எறக்குங்க. கோடு வந்திருக்கறதும் அதே போனு, காட்ட வேண்டியதும் அதே போனுன்னா எப்படிக் காட்டறது? கண்ணாடி முன்னாடி நின்னு பாத்தவனை எனக்குத் தெரியும், பேரு சொல்ல மாட்டேன், பெரியவன்னு வெச்சுக்கங்க. இன்னொரு போனுலயோ கடுதாசில அச்சடிச்சோ காட்டலாம். ஐபோனுல 17.4க்குப் பொறகு வந்த சாப்ட்வேருன்னா கோட்டுப் படத்து மேலயே விரலை அமுக்கிப் புடிச்சாப் போதும். அதுவும் ஆகலீன்னா, கூடவே எழுத்தா ஒரு முகவரியும் ஒரு நீளமான குறியீடும் குடுத்திருப்பான், அதைக் கையால அடிக்கலாம். என்ற விரலுக்கு அது ஆகாதுங்க. கலப்பை புடிச்சுக் காப்புக் காச்ச விரலு. நானு 'ப'வை அமுக்குனா போனு 'ம'ங்குது.

எறக்குனதுக்கு அப்பறம் வேண்டாம்னா நிறுத்தி வெய்யிங்க, அழிச்சுப்போடாதீங்க. அணைக்கறதுக்கும் அழிக்கறதுக்கும் பொத்தான் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். அழிச்சா அந்தக் கோடு மறுபடி எறங்கறது அரிது. வித்த மாட்டைத் திரும்பி வாங்கற கதைதான்.

இப்பத்தான் சூட்சுமத்துக்கு வர்றோம். அந்தக் காபியைக் கீழ வெச்சுட்டுக் கேளுங்க. ஒரே நுகத்தடியில ரெண்டு மாடு கட்டியிருக்கறோம். ஒண்ணு நம்மூரு சிம்மு, ஒண்ணு ஈசிம்மு. ரெண்டுக்கும் பேரு வெய்யிங்க, போனே கேக்கும். நானு ஒண்ணுக்கு மயிலை, ஒண்ணுக்குச் செவலைன்னு வெச்சேன். மயிலை நம்மூரு. அது வேலை செய்யக் கூடாது, ஆனா நுகத்துல நிக்கோணும். ஓடிபி வர்றது அதுக்குத்தான். அதோட டேட்டா ரோமிங்கை அணைச்சுருங்க. செவலை ஈசிம்மு. வண்டி முழுக்க அதுதான் இழுக்கோணும். மொபைல் டேட்டாவுக்கு அதைத் தேந்தெடுங்க, அதோட டேட்டா ரோமிங்கைப் போட்டு வெய்யிங்க.

எல்லாரும் கவுந்தடிச்சு உழுகறது இங்கதானுங்க. ரோமிங்னாலே காசு போயிரும்னு சின்ன வயசுல இருந்து பயந்து பயந்து, செவலைக்கும் சேத்து அணைச்சுப்போடுவாங்க. அந்த ஈசிம்முக்கு எந்த ஊருமே அதோட சொந்த ஊரு இல்லீங்க. அது எங்க போனாலும் ஒறம்பரைதான். ரோமிங் இல்லாம ஒரு அடி எடுத்து வெக்காது. அப்பறம், செவலை தடுமாறுனா மயிலை இழுத்துக்கட்டும்னு போனே தானா மாத்தற ஒரு பொத்தான் இருக்கும். டேட்டா ஸ்விட்சிங்னு பேரு. அதை அணைச்சுருங்க. போனு உதவி பண்றேன்னுட்டு உங்க சொத்தை எழுதி வெச்சுரும்.

மயிலைக்கு வெளிநாட்டு ரோமிங் வசதி தொறந்திருக்குதான்னு கெளம்பறதுக்கு முன்னாலயே நம்மூரு கம்பெனியில கேட்டுக்கங்க. மூடியிருந்தா அங்க ஓடிபி வராது. அதுக்கு எத்தனை, பேசுனா எத்தனைன்னும் கேட்டுக்கங்க. அங்க இருக்கறப்ப மயிலைக்கு வர்ற போனை எடுத்தா எடுத்தவனுக்கும் காசுங்க. நம்மூருல காலையில பத்து மணிக்கு "சார், பர்சனல் லோன் வேணுங்களா"ன்னு ஒரு புள்ள கூப்புடுவா. அங்க பன்னண்டரை, நீங்க சோத்துக் கையோட இருப்பீங்க. எடுத்துப் பேசுனீங்கன்னா, அப்பறம் அந்த லோனு நெசமாவே வேணும்.

பிளைட்டுல ஏறுனதும் ஏரோபிளேன் மோடு. சாங்கியில எறங்குனதும் அதை எடுத்துட்டு அஞ்சு நிமிசம் பேசாம நில்லுங்க. மாடு புது எடத்தை மோந்து பாக்கற மாதிரி போனும் டவரை மோந்து பாக்கும். உடனே புடிக்கலைன்னா மறுபடி அணைச்சுப் போடுங்க. அப்பவும் இல்லைன்னா நெட்வொர்க்கைக் கையால தேந்தெடுங்க, இல்லைன்னா ஏபிஎன்னுங்கற எடத்துல வித்தவன் சொன்ன வார்த்தையை அடிங்க. அதுக்கும் மசியலைன்னா அந்த ஏர்போட்டுல வைஃபை இனாம், அதுல வித்தவனைக் கூப்புட்டுத் திட்டலாம். பேத்தியை மட்டும் திட்டாதீங்க. ஓட்டலு முகவரியை ஒரு கடுதாசில எழுதிச் சட்டைப் பையில வெய்யிங்க. அந்தச் சட்டையத் தொவைக்கப் போடாதீங்க.

பாலம் தாண்டறப்ப டவரு மாறும், ரெண்டு மூணு நிமிசம் முழிக்கும். பயப்படாதீங்க. கோலாலம்பூருல உக்காந்துட்டு போனைத் தொறந்தா விளம்பரமெல்லாம் வேற எந்த நாட்டுப் பாசையிலயோ வந்தாலும் பயப்படாதீங்க. அந்த ஈசிம்முக்காரன் உங்க டேட்டாவை ஆங்காங்கு, ஐரோப்பான்னு அவன் கிட்டங்கி எங்க இருக்குதோ அந்த வழியாத்தான் வெளிய உடுவான். உள்ளூருக் கடைக்குப் போறதுக்கு ஒலகத்தைச் சுத்தற மாதிரி. கொஞ்சம் தாமசம் ஆகும். அதுல ஒரு லாபமும் இருக்குது. சீனாவுல வாட்ஸாப்பு, கூகிளையெல்லாம் அடைச்சு வெச்சிருக்கறாங்களே, வெளிநாட்டு ஈசிம்மு போட்டுட்டுப் போனவனுக்கு அங்கயும் அது ஓடுது. வேலியைத் தாண்டிப் போயித்தான் அது தண்ணி குடிக்குது.

தீனி அதிகம் திங்கறது யாருன்னு நெனைக்கறீங்க? மேப்பு இல்லீங்க, அதை இங்கயே எறக்கி வெச்சுக்கலாம். நீங்க தூங்கறப்ப எடுத்த போட்டோவையெல்லாம் போனு மேல அனுப்பிட்டு இருக்கும், பேக்கப்புன்னு. அதை வைஃபைக்கு மட்டும்னு கட்டிப்போடுங்க. வாட்ஸாப்புல வர்ற குட்மார்னிங் ரோசாப்பூவெல்லாம் தானா எறங்கறதையும் நிறுத்துங்க. அந்த ரோசாப்பூ அனுப்பறது நானுதான். நானு கோவிச்சுக்க மாட்டேன். அப்பறம் பேத்தி. பத்துமலையில 272 படி. ஒவ்வொரு படியா வீடியோ காலுல அம்மிச்சிக்குக் காட்டறேன்னு இப்பவே சொல்லிட்டு இருக்கறா. 140 அடி முருகனைக் கீழ இருந்து மேல வரைக்கும் காட்டி முடிக்கறதுக்குள்ள உங்க மூணு ஜிபி மொட்டையடிச்சுக்கும். ஓட்டலு வைஃபைக்கு வந்து ராத்திரி பேசச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேக்க மாட்டா, தெரியும். சொல்லி வெய்யிங்க.

ஏனுங் மாப்பிள்ளை, மொகம் ஏன் வாடுது? காபியில சக்கரை கம்மிங்களா?

என்னது, வாங்கிட்டீங்களா? எப்ப? போன சனிக்கெழமையா? போனுல எறக்கியும் ஆச்சா? குடுங்க பாக்கலாம். என்ற கண்ணாடி எங்க... இந்தா இருக்குது. சிங்கப்பூரு. சரி. ஏழு நாளு. ம். மலேசியா... மலேசியாவைக் காணமே. இது என்ன பொடி எழுத்து? நிறுவிய நாளிலிருந்து ஏழு நாள்கள். சனி, ஞாயிறு, இன்னைக்குத் திங்கள். மூணு நாளா சிங்கப்பூரு மாடு வெள்ளகோயில்ல மேஞ்சுட்டு இருக்குது. நீங்க புதங்கெழமை போயிச் சேர்றதுக்குள்ள பாதி நாளுக்கு மேல மேஞ்சு தீத்துரும்.

சரி, உடுங்க, உடுங்க. பேத்தி அங்க திண்ணையில நிக்கறா, காது இங்கதான் இருக்குது. எந்திரிங்க, அந்தத் துண்டை இப்படிக் குடுங்க. கையை உள்ள உடுங்க. வாயைத் தொறக்காதீங்க. எத்தனை குடுத்தீங்க, விரலைப் புடிங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு. ஏனுங், இன்னும் இருக்குதுங்களா?

ஒண்ணுமில்லை அம்முணி. மேக்கால கறுக்குதே, மழை வருமான்னு மாப்பிள்ளை கேட்டுட்டு இருக்கறாரு.